செஞ்சி வழியாகத் தனுஷ்கோடி

காலை ஆறே காலுக்கு லாஸ்பேட்டையில் எங்கள் தெருவை விட்டுக் கிளம்பினோம். முன்னால் பழைய டீசல் ஜீப், பின்னால் கொக்கியில் மாட்டிய கரவான். கரவான் என்றால் சக்கரம் வைத்த ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டடி நீளம், ஆறரையடி அகலம். உள்ளே கட்டில், அடுப்பு மேடை, கையலம்பத் தொட்டி. தட்டாஞ்சாவடியில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லிச் செய்தது. 'கரவான்' என் மனைவி செலின் வைத்த பெயர். அவள் குடும்பத்தில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. எனக்கு ரேஷன் கார்டு உண்டு.

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. வண்டியை விற்கப் போனோம். செஞ்சியைத் தாண்டி திருவண்ணாமலைச் சாலையில் டிபன் கடை வைத்திருக்கும் கலைச்செல்வி என்கிற அம்மா ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கேட்டிருந்தார். செஞ்சிக்குப் பத்து கிலோமீட்டர் முன்னாலேயே எங்கள் கொல்லை வீடு இருக்கிறது. அங்கே ஒரு நாள் தங்கிவிட்டு மறுநாள் வண்டியை ஒப்படைப்பதாகப் பேச்சு.

கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. கிளியனூர் பக்கம் சோதனைச் சாவடியில் வழக்கம்போல் கை காட்டி நிறுத்தினார்கள். புதுச்சேரி நம்பர் வண்டி, அதுவும் அலமாரி வைத்த வண்டி. சாராய பாட்டிலைத் தேடாமல் விடுவார்களா? இளம் காவலர் ஒருவர் உள்ளே ஏறி, கட்டிலுக்கு அடியில், அடுப்பு மேடைக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியில்கூட எட்டிப் பார்த்தார்.

"எத்தினி பாட்டில் சார் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லப்பா."

"இம்மாம் பெரிய வண்டிய இழுத்துக்கினு, ஒண்ணும் இல்லாம எங்க போறீங்க?"

"விக்கப் போறோம்," என்றாள் செலின்.

அவர் கீழே இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை எங்களுக்கு யாரும் சாத்திக் கொடுத்ததில்லை.

திண்டிவனத்தில் டீ, பதினைந்து ரூபாய். குடித்துக்கொண்டே செலின் கரவானைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். 

கொல்லை வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது சென்ட் நிலம், சுற்றிலும் பாறைக் குன்றுகள், ஒரு கிணறு, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே அறை வீடு. பாரிஸ் பக்கம் இருக்கும் செலினின் அண்ணன் முதல் தடவை வந்து பார்த்துவிட்டு, "அழகான கபான்!" என்றார். கபான் என்றால் பிரெஞ்சில் குடிசை. அதோடு எங்கள் கதை முடிந்தது. ஒவ்வொரு ஜூலையும் வக்கான்ஸுக்கு, அதாவது கோடை விடுமுறைக்கு, மச்சான், அவர் மனைவி, நாலு பிள்ளைகள் எல்லோரும் நேராக இங்கேதான். புதுச்சேரியில் இருக்கும் அவர்களுடைய பாட்டனார் வீட்டில் கொசுவாம். கொல்லையில் என்ன தேவதைகளா பறக்கின்றன? ஆனாலும் வந்தார்கள், நாங்களும் வாருங்கள் என்றோம். பிள்ளைகள் என்னை 'தொந்தோன்', அதாவது மாமா, என்று கூப்பிட்டுக்கொண்டு கிணற்றடியில் கூத்தடிப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் போகச் சொல்ல மனசு வரும்? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பூட்டியே கிடந்த வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கதவு நிலையில் கரையான், வாசலில் முழங்கால் உயரம் கோரை, மோட்டாருக்குள் எறும்பு. செலின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள், நான் அரிவாளை எடுத்தேன். இரண்டு வீடு வைத்திருப்பவனுக்கு ஓய்வு என்பதே கிடையாது. என் அலுவலகம் கொடுத்த லீவு அத்தனையும் இந்தக் கொல்லையில்தான் கரைந்தது. மச்சான் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் துப்புரவு, வந்தபிறகு சமையலும் தண்ணீரும், போனபிறகு இன்னொரு துப்புரவு. நான் ரிட்டயர்ட் ஆனேன், கொல்லை வீடு ஆகவில்லை.

இந்த வருஷம் மச்சான் போன் செய்தார். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், போர்ச்சுகல் போகிறார்கள், இனி வருவது கஷ்டம் என்றார். அன்று சாயங்காலமே நானும் செலினும் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகள் வரவில்லை என்றால் கரவான் எதற்கு, தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, கொடுத்துவிடலாம் என்று கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. அந்தக் கால் மணி நேரத்தில் கரவானை எதற்காக வாங்கினோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

பகல் இரண்டு மணிக்கு எலுமிச்சைச் சோறு சாப்பிட்டு முடித்ததும் கண் சொக்கியது. "நம்ம கட்டில்ல ஒரு நாளாவது படுப்போம், வாங்க," என்றாள் செலின். ஏறிப் படுத்தோம். என் முழங்கால் மடங்கியபடியே இருந்தது. நீட்டினால் பாதம் பலகையில் முட்டியது. புரண்டு பார்த்தேன், குறுக்கே படுத்துப் பார்த்தேன். கட்டில் நீளம் நாலரை அடிதான்.

"ஆறடிக்கு இல்ல சொல்லிச் செஞ்சோம்?"

செலின் காலால் அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். "ரெண்டாவது வருசம் அண்ணன் பட்டறைக்கு இழுத்துக்கினு போச்சே, பசங்களுக்கு மேல ஒரு படுக்கை வைக்கணும்னு. அப்பதான் கால்மாட்ல வெட்டி ஏணி வச்சிருப்பாங்க."

"நாம பாக்கவே இல்லியா?"

"எங்க பாத்தோம்? நாம வாசல்ல பாய் போட்டு இல்ல படுத்தோம்."

சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் மடங்கிக் கிடந்தபடியே வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்ததும் செலின் தலைமாட்டு ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். அந்தப் பக்கம் கொல்லை வீட்டின் பலகைச் சுவர் ஒரு முழ தூரத்தில் நின்றது. கதவுக்கு நேர் எதிரே ஏன் ஜன்னல் வைத்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தனுஷ்கோடிக்காக வைத்த ஜன்னல் அது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை பஸ்ஸில் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிய இடம். "கதவத் தொறந்தா ஒரு கடல், ஜன்னலத் தொறந்தா இன்னொரு கடல், நடுவுல படுத்துத் தூங்கி எழுந்திருக்கணும்," என்று பட்டறையில் நின்று அவள் சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. அதற்காகத்தான் வாங்கினோம். முதல் ஜூலையில் படுக்க இடம் போதவில்லை என்று கரவானை இங்கே இழுத்து வந்தோம். அதன் பிறகு அது போன ஒரே ஊர் இதுதான். நகராத வீடு ஒன்று இருந்ததால் நகர்கிற வீடும் நகரவில்லை. 

"நாளைக்குத் தனுஷ்கோடி போலாமா?" என்றேன்.

"கட்டில்?"

"ஒக்காந்தே தூங்குவோம்."

கலைச்செல்விக்குப் போன் போட்டு வண்டியை நாலு நாள் தள்ளித் தரலாமா என்று கேட்டேன். "அடுப்பு, பாத்திரமெல்லாம் வாங்கி வச்சிட்டேன் சார். சரி, அம்மாவக் கூட்டிக்கினு போய்ட்டு வாங்க," என்றார் அவர். நல்ல மனுஷி.

மறுநாள் ஆறு மணிக்குப் புறப்பட்டோம். செலின் மடிப்புக் கலையாத நீலச் சேலை கட்டியிருந்தாள். விற்கப் போகிற பயணத்துக்கு அதை ஏன் எடுத்து வந்தாள் என்று நான் கேட்கவில்லை. செஞ்சிக் கூட்டுரோட்டில் நேரே போனால் கலைச்செல்வியின் கடை, இடப்பக்கம் திரும்பினால் விழுப்புரம், திருச்சி, ராமநாதபுரம். தனுஷ்கோடி நானூறு கிலோமீட்டருக்கு மேல். இடப்பக்கம் திருப்பினேன். எனக்கு இருபது வயது குறைந்தது மாதிரி இருந்தது. கோட்டை மலை கண்ணாடியில் பின்னால் போனது, நெல் வயல் வந்தது, கரும்பு வந்தது. வழியில் எங்கே காபி குடிப்பது, ராத்திரி எந்த ஊரில் நிறுத்துவது என்று செலின் பேசிக்கொண்டே வந்தாள். ஒன்பது வருஷம் சேர்த்து வைத்த பேச்சு போலிருந்தது.

பதினோராவது கிலோமீட்டரில் பின்னால் படாரென்று ஒரு சத்தம். கரவான் ஒரு பக்கம் சாய்ந்து ஜீப்பை இழுத்தது. எப்படியோ ஒரு புளிய மரத்தடியில் ஓரங்கட்டினேன்.

இறங்கிப் பார்த்தால் இடது டயர் பக்கவாட்டில் வாய் பிளந்து கிடந்தது. தரையைத் தொடுகிற பாகத்தில் வரி வரியாகப் பள்ளம் புதுசு மாதிரி அப்படியே இருந்தது. பக்கச் சுவரில் மட்டும் கோடைகால ஏரி போல வெடிப்பு. வலது டயரைக் குனிந்து பார்த்தேன், அதே வெடிப்பு. மாற்று டயரும் அதே வயசு.

"ஓடவே இல்லியே, எப்படி வெடிச்சிது?" என்றாள்.

"நின்னே வெடிச்சிருக்கு."

செஞ்சியில் இருக்கும் டயர் கடைக்குப் போன் செய்தேன். அந்த அளவு இங்கே இல்லை, விழுப்புரத்திலிருந்து வரவழைக்க வேண்டும், நாளை மறுநாள் ஆகும் என்றார்கள். நாளை மறுநாள் என்ன பெரிய விஷயம்? கொல்லை வீட்டில் இருந்து காத்திருக்கலாம், மூன்று டயரையும் மாற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று செலினிடம் சொன்னேன். அவள் மைல்கல் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் போணும்னு இருந்திச்சு," என்றாள். "ரொம்ப இருந்திச்சு. ஒவ்வொரு வருசமும் அண்ணன ஏர்போர்ட்ல விட்டுட்டு வரும்போது, தனுஷ்கோடி போலாமான்னு நீங்க இப்ப கேப்பீங்க, இப்ப கேப்பீங்கன்னு பாப்பேன். பாத்துப் பாத்து அந்த ஆசை தேஞ்சு போச்சு."

"நீ சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்." கோபமில்லை அவள் குரலில். "இப்ப நீங்க எனக்காக ஓட்டுறீங்க, நான் உங்களுக்காக ஒக்காந்திருக்கேன். ஆசையே இல்லாம அந்தக் கடலுக்கு நடுவுல போய்ப் படுக்க வாணாங்க. அந்தம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

 ஒரு லாரி, ஒரு டவுன் பஸ், ஒரு ஆட்டு மந்தை கடந்து போகும்வரை நின்றேன். பிறகு கலைச்செல்விக்குப் போன் செய்து, டயர் வெடித்ததையும் அதன் அளவையும் சொன்னேன்.

பத்து மணிக்குக் கலைச்செல்வி, டிராக்டரோடு தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கடை அங்கிருந்து இருபத்து மூன்று கிலோமீட்டர். டயருக்காக நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன், விலையில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அட, விடுங்க சார். தம்பியோட பழைய வண்டியிலேருந்து ஒட்டுப்போட்ட டயர் ரெண்டு எடுத்தாந்திருக்கோம், மெல்ல இழுத்துக்கினு போயிடுவோம். எனக்கு இது ஓட வாணாம், நின்னாப் போதும்."

உள்ளே ஏறிப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஜன்னல் சரியா இந்தப் பக்கம் இருக்கே! ரோட்டப் பாத்து நிறுத்திட்டா, இட்டிலிய அப்படியே நீட்டிடலாம்."

ஜன்னல் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கித்தான் தள்ள வேண்டும். அது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. செலின் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி, அதை இரண்டு தடவை திறந்து மூடிக் காட்டினாள். கீழே இறங்கும்போது கலைச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கம் வந்தா நம்ம கடையில சாப்புடணும்மா, காசு வாங்க மாட்டேன்."

"வர்றோம்," என்றாள் செலின்.

டிராக்டர் கரவானை இழுத்துக்கொண்டு செஞ்சிப் பக்கம் திரும்பியது. ஒன்பது வருஷத்தில் அந்த வண்டி தனுஷ்கோடியை நோக்கி ஓடிய தூரம் மொத்தம் பதினொரு கிலோமீட்டர். அதையும் திரும்பி ஓடிக் கழித்துக்கொண்டது.

நாங்கள் விழுப்புரம் வழியாக வீட்டுக்கு வந்தோம். கிளம்பும்போது கொல்லை வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் ஒரு சந்தேகம். செலின் பூட்டியதாகச் சொன்னாள். பூட்டாவிட்டால்தான் என்ன, அது எங்கேயும் போகாது. வில்லியனூரில் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி ஜீப்பிலேயே சாப்பிட்டோம். இழுக்கப் பின்னால் பாரம் இல்லாததால் ஜீப் ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டவுடன் பறந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் சாலை மட்டும் தெரிந்தது.

மூன்று மணிக்கு லாஸ்பேட்டை. கல்லூரி விட்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எங்கள் தெருமுனை குறுகல். கரவானோடு திரும்ப வேண்டுமென்றால் எதிர்வாடை மின்கம்பம் வரை போய் ஒடித்துத்தான் உள்ளே நுழைய முடியும். கை தன்னால் ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் வளைத்தது. பின்னால் நாலைந்து ஸ்கூட்டர்கள் ஆரன் அடித்தன.

செலின் என் கைமேல் கையை வைத்தாள்.

"பின்னாடி ஒண்ணும் இல்லீங்க. அப்படியே திருப்புங்க."

அப்படியே திருப்பினேன். வீட்டு வாசலில் கரவான் நின்ற இடத்தில் புல் முளைக்காத நீளக் கட்டம் ஒன்று இருந்தது. அதில் ஜீப்பை நிறுத்த மனசு வரவில்லை. தள்ளி நிறுத்தினேன்.