எதற்கும் இருக்கட்டும்

கொழும்புத்துறையில் பூநகரி வள்ளம் புறப்படக் காத்திருக்கிறது. காய்ச்சல் மாறி ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பும் என் மகளுக்கு இன்னும் பசி எடுக்கவில்லை. குடை, கம்பளி, மருந்து, இடியப்பம் எல்லாம் கட்டி வந்திருக்கிறேன்.

வள்ளக்காரர் முன்பு ஸ்பானியத் துறைமுகங்களுக்குக் கப்பலில் போய்வந்தவர். மூட்டைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“என்ன வாத்தியார், வீடு மாறுறியளோ?”

“எதுக்கும் இருக்கட்டும் எண்டுதான்.”

“அதுக்கு ஸ்பெயின் சனம் ‘போர் சி லாஸ் மோஸ்காஸ்’ எண்டு சொல்லும். மோஸ்கா எண்டா ஈ. ஒருவேளை ஈ வந்தா எண்டு அர்த்தம்.”

மகள் சொல்லிப் பார்க்கிறாள். நாக்குப் புரளாமல் சிரிக்கிறாள். நடுக்கடலில் ஓர் இடியப்பத்தைத் தின்று முடித்து, மறுபடி கை நீட்டுகிறாள்.

“பசிக்குதோ, பிள்ளை?”

“இல்லை அப்பா. போர் சி லாஸ் மோஸ்காஸ்!”