வாசலில் நின்ற இல்லாத பஸ்

போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் இல்லாத பஸ் ஒன்று இரண்டு நாள் நின்றது.

அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். இல்லாத பஸ்தான். அதற்கு மெக்கானிக் வைத்து ரிப்பேர் பார்த்தோம். எப்போது கிளம்பும் என்று விசாரித்தோம். கடைசியில் அதன் டிரைவருக்குப் புத்திமதிகூடச் சொல்லி அனுப்பினோம்!

எல்லாம் மாப்பிள்ளையால் வந்தது.

என் தங்கை கமலாவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஆர்.கே.பேட்டை. தறிக்காரக் குடும்பம். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள் அல்லவா? அதில் ஒரு பழைய வேனைப் பிடித்துவிட்டார் மனுஷர். பேட்டையிலிருந்து துணி மூட்டைகளைத் திருத்தணி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து போட்டால் பிழைப்பு நடக்கும் என்று கணக்கு. அதற்காகத் தன் பங்குக்கு வந்த தறிகளை விற்றார். அண்ணன்மார் வாய்விட்டுச் சிரித்தார்களாம்.

ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கமலாவை அழைத்துப்போக, ஆவணி பிறந்ததும் அந்த வேனிலேயே வந்து இறங்கினார்.

வேன் தெருமுனை திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கீ... கீ... கீ... நடுநடுவே டொக், டொக். நிழலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. வாசலில் வண்டி நின்ற பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் குனிந்து பார்த்தேன். விசிறி பெல்ட்டை ஓட்டுகிற அடிப் புல்லிச் சக்கரம் நேராகச் சுற்றாமல் தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றியது. அது எனக்கே தெரிந்தது. எனக்கே என்றால்... சைக்கிள் செயின் கழன்றால் சைக்கிளையே தோளில் தூக்கி வருகிறவன் நான்!

‘சத்தம் வருகிறதே மாப்பிள்ளை’ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதானே என்பீர்கள்.

கேட்கலாம். ஆனால் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதே! நைனா — என் தகப்பனார் — தாலுகா ஆபீஸில் பிறர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே பென்ஷன் வாங்கியவர். வாய் சும்மா இருக்காது. மாப்பிள்ளை அழைப்பின்போது, “மாப்ளே, உங்க பூட்ஸு கத்துது” என்று ஊர்கூடிய இடத்தில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். “தாலி ஏறுறதுக்கு முன்னாடியே பூட்ஸுல குத்தமா?” சமாதானம் ஆவதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிப்போயிற்று. அன்றைக்கே அம்மா நைனாவைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். மாப்பிள்ளைக்குச் சொந்தமான எது சத்தம் போட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம்.

“வண்டி எப்டி மாமா?” என்று இறங்கியதுமே கேட்டார் மாப்பிள்ளை.

நைனா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ஜோராக் கீது மாப்ளே. வர்றது தூரத்துலயே தெரியுது.”

அவரை உட்கார வைத்துவிட்டு நைனா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். “இந்த வண்டியிலயா எம் பொண்ணு போவணும்?” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நடுவழியில் புல்லி கழன்று ரேடியேட்டரில் அடித்தால்? சரிவில் இறங்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்? வாயைத் திறந்தால் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் பேச்சு. திறக்காவிட்டால் பெண்ணுக்கே ஆபத்து.

அம்மா வழி சொன்னாள். “அவரு சாப்ட்டுகினு இருக்கறப்போ மெக்கானிக்க வரவச்சுப் பாத்துடுங்க. எலைய வுட்டு அவர நான் எழுந்திருக்க வுடமாட்டேன்.”

மெக்கானிக் சாலமனைக் கூட்டி வந்தேன். நல்ல வேலைக்காரன். ஒரே ஒரு குறை... பொய் சொல்ல மாட்டான். “மாப்ள வந்து இன்னா பண்றேன்னு கேட்டா சொல்லிடுவேன் சார். கேக்காத வரிக்கும் வாயத் தொறக்க மாட்டேன்” என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொன்னான். வேலை செய்யும்போது உரக்கப் பாடுகிற கீர்த்தனையை மட்டும் மனசுக்குள் பாடிக்கொள்ளச் சம்மதித்தான்.

இலை போட்டாயிற்று. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கி, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியதையும் சேர்த்து வடித்த சாதம். முருங்கைக்காய் சாம்பார், வடை, பாயசம். மாப்பிள்ளை முதல் கவளத்தை எடுத்தார். வாசலில் சாலமன் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான்.

கீ... கீ... டொக்!

மாப்பிள்ளையின் கை நின்றது. “நம்ம வண்டி சத்தம் மாதிரி கீதே?”

“பஸ்ஸு!” என்றார் நைனா. “திருப்பதி போற பஸ்ஸு.”

“நின்ன எடத்துலயே கத்திகினு கீதுங்களே?”

“ஆங்... கூட்டம். ஏறிகினு இருக்காங்க.”

எங்கள் தெருவில் இதுவரை பஸ் வந்ததில்லை. இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போயாக வேண்டும். மாப்பிள்ளைக்கும் அது தெரியும். சற்று நேரத்துக்கு முன்புதான் அந்தத் தெருவில் உரசிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். அவர் சாம்பாரைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அந்த பஸ்ஸுல எங்கியோ புல்லி ஆடுதுன்னு நெனக்கிறேன் மாமா.”

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“அப்டிங்களா மாப்ளே?”

“பெல்ட்ட கழட்டிட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. சத்தம் நின்னுச்சுன்னா டைனமோ, இல்லாங்காட்டி விசிறிப் பக்கம். நிக்கலன்னா...” கவளத்தை இலையில் வைத்தார். “நிக்கலன்னா அடிப் புல்லிதான்.”

“டேய், போய் பஸ்காரன்கிட்ட சொல்லு!” என்றார் நைனா, பழைய ஆபீஸ் குரலில்.

ஓடினேன். “பஸ்காரன் யாரு சார்?” என்றான் சாலமன். “நீதான்யா!” “நான் பஸ்காரன் இல்லியே சார்.” இவனோடு வாதாட எனக்கு ஏது நேரம்? பெல்ட்டைக் கழற்றி ஓட்டினான். கீச்சு நின்றது. டொக் நிற்கவில்லை. பெல்ட் போனதும் கத்தல் போய்விட்டது, ஆட்டம் அப்படியே இருக்கிறது. உள்ளே போய் அறிக்கை சமர்ப்பித்தேன்.

“அப்போ அடிப் புல்லியேதான்” என்றார் மாப்பிள்ளை. வடை தொடாமல் கிடந்தது. “இதுல ரெண்டு இருக்கு மச்சான். புல்லிய ஷாஃப்ட்டோட புடிச்சிகினு இருக்குற சாவித் துண்டு தேஞ்சிருந்தா, பொழச்சான். ஷாஃப்ட்டே வளஞ்சி போயிருந்தா...” பாயசத்தில் விரலால் ஒரு கோடு போட்டார். “வண்டிய காயலான் கடைக்குத்தான் போடணும். பாவம், இன்னாத்த வித்து வாங்கினானோ!”

சமையலறைக் கதவோரம் நின்றிருந்த கமலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷர் பேட்டையிலிருந்து வழியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். யாரிடம் சொல்வார்? தம் வீட்டில் சொன்னால் அண்ணன்மார் மறுபடி சிரிப்பார்கள். மாமனார் வீட்டில் சொன்னால், வந்த முதல் தடவையே கையேந்தியதாகிவிடும். எனக்கு அவர்மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டது.

“வளஞ்சிருக்கா இல்லியான்னு எப்டிப் பாக்கறது மாப்ளே?” என்று நைனா கேட்டார். ஒரு ஆளிடம் அவர் பணிவாக விஷயம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

“புல்லிய கழட்டிட்டு இன்ஜின ஓட்டணும். ஷாஃப்ட்டு முனைகிட்ட சாக்குக் கட்டியக் காட்டணும். சுத்திலும் ஒட்டினா நேரு. ஒரே பக்கமா ஒட்டினா முடிஞ்சுது.”

சாக்குக் கட்டிக்கு எங்கே போவது? அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, கோலம் போடுகிற மாக்கல்லை எடுத்து என் கையில் திணித்தாள். “பஸ்காரருக்குக் குடுடா, சீக்கிரம்!”

புல்லியைக் கழற்ற நேரம் பிடித்தது. அம்மா அதற்குள் சாதம் போட்டுக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை போதும் என்று சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. பிசைந்துகொண்டே இருந்தார். மறுபடி இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அவரால் உட்கார முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அம்மா தடுக்கவில்லை.

சாலமன் கையில் மாக்கல்லோடு நிமிர்ந்தான். பொய் சொல்லாதவன் ஆயிற்றே!

“இன்னாங்க... பஸ்ஸு எப்டி கீது?” என்றார் மாப்பிள்ளை.

சாலமன் வேனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். “பஸ்ஸப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்றான். போச்சு! “ஆனா இந்த ஷாஃப்ட்டு நேராக் கீது. மாக்கல்லு சுத்திலும் ஒட்டிகினு கீது பாருங்க. சாவிதான் தேஞ்சிருக்கு.”

“நேராக் கீதா?”

“நேரு சார்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

மாப்பிள்ளை எச்சில் கையாலேயே வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பூசிய நிலையில் சாம்பார்! வேறு யாராவதாக இருந்தால் நைனா வீட்டை இரண்டாக்கியிருப்பார். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தார். முதலிலிருந்து சாப்பிட ஆரம்பித்தார். எங்களுக்கு ராத்திரிக்கு உப்புமாதான்.

“அந்த பஸ்ஸு எப்ப மாமா கெளம்பும்?”

“புதுச் சாவித் துண்டு ஒண்ணு அரக்கோணம் பட்டறையில அரத்தால ராவி எடுத்துகினு வரணுமாம். நாளைக்குத்தான்.”

“அப்போ நானும் நாளைக்கே கெளம்பறேன்.”

பஸ் நின்றால் வேன் ஏன் நிற்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருமே கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கமலா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஓடியது. கீச்சும் இல்லை, டொக்கும் இல்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நைனா பக்கம் திரும்பினார்.

“அந்த பஸ்காரன் உங்கள மறக்க மாட்டான் மாமா.”

“இருக்கட்டும் மாப்ளே. அவன்கிட்ட ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன். பள்ளம் மேடு பாத்து மெதுவாப் போடா, வண்டியில எம் பொண்ணு...” நைனா நாக்கைக் கடித்துக்கொண்டார். “பொம்பளைங்கல்லாம் ஏறுவாங்க இல்ல, அதுக்குச் சொன்னேன்.”

அந்த ‘டா’ இரண்டு நாளாக அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

“மெதுவாத்தான் போவான் மாமா” என்றார் மாப்பிள்ளை. கமலா அழுதுகொண்டே சிரித்தாள். வேன் சத்தமில்லாமல் தெருமுனை திரும்பியது. நைனா திரும்பி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளைக்காக இரண்டு நாள் அடக்கி வைத்திருந்தாரே, அந்தத் திட்டு முழுவதும் எனக்கு விழுந்தது. செயின் கழன்ற சைக்கிளில் தொடங்கி, நான் பத்தாவதில் வாங்கிய மார்க் வரைக்கும் போனது.

யோசித்துப் பார்க்கிறேன். நேரே சொன்னால் குற்றம். பஸ்மேல் போட்டுச் சொன்னால் அக்கறை. நம் ஊர் வீடுகள் எத்தனை இப்படி இல்லாத பஸ்களை நிறுத்திவைத்துக் காலம் தள்ளுகின்றனவோ!

வருகிற தீபாவளிக்கு நானும் கனகம்மாசத்திரத்தில் மாமனார் வீட்டுக்குப் போகிறேன். என் கைக்கடிகாரம் நின்று மாதக்கணக்காகிறது. கட்டிக்கொண்டுதான் போகப் போகிறேன். அங்கேயும் ஒரு இல்லாத பஸ் வந்து நிற்காதா?