கோடிச் சேலையோடு வந்த தம்பி

சென்ற மாதம் செஞ்சிக் கோட்டைப் படியில் வெயில் தாளாமல் என் கணவர் மயங்கி விழுந்தார். பதறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும். ‘அட்மிட்’ என்றால் அசட்டையாக இருப்பார்கள், ‘கிரிட்டிகல்’ என்றால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்து, நடுவாக ‘வீட்டுக்காரர் சீரியஸ், செஞ்சி ஆஸ்பத்திரி’ என்று போட்டேன். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

குளுக்கோஸ் ஏறியதும் அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் மேல்மலையனூரிலிருந்து என் தம்பி வந்தான். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். கையில் ரோஜா மாலை. பையில் கோடிச் சேலை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டார் பெண்ணுக்குக் கொண்டுவருவது.

“இன்னாடா இது?” என்றேன்.

“செத்துட்டாங்கன்னு சொல்ல வாய் வராமத்தானக்கா எல்லாரும் சீரியஸ்னு சொல்றாங்க! நீ போனும் எடுக்கல...” என்று அழுதான்.

அவர் இட்லியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான் ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. படுத்திருப்பவர் கையிலேயே போனைக் கொடுத்துப் பேசச் சொல்லிவிடுகிறேன்.