டூ ஒன் செவன்

மாமல்லபுரத்தில் நான் வேலை பார்த்த விடுதியின் தொலைபேசிப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. மேலாளர் அழைத்தால் அது எரியும். எரிந்தால் வேறு எந்த அழைப்பையும் விட்டுவிட்டு அதை எடுத்தாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தேன். பலகையின் முன் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் ஆபரேட்டர் அக்கா என்போம். செங்கல்பட்டுப் பக்கத்துக் கூலிக் குடும்பம் ஒன்றில் பத்தாவது தேறிய முதல் ஆள் அவர்.

ஒரு மதியம் முதியவர் ஒருவர் அறையிலிருந்து அழைத்து, "டூ ஒன் செவன், நெஞ்சு வலிக்கிறது" என்றார். அக்கா பேனாவை எடுப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாள் கல்யாண மேடைக்கு என்ன நிறப் பூ, எத்தனை நாற்காலி என்று மேலாளர் அடுக்கினார். வழக்கம்போல எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அக்காவும் சொன்னார். பிறகு டாக்டரை டூ செவன் ஒன்னுக்கு அனுப்பினார். அது பூட்டிக் கிடந்த அறை. சரியான கதவைத் தட்டுவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. முதியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் மகன் புகார் எழுதிக் கொடுத்தார்.

விசாரித்தது யார் தெரியுமா? அதே மேலாளர். அக்கா அழவில்லை.

"சார், ஃபோர் ஒன் நைன், டூ செவன் சிக்ஸ், த்ரீ எய்ட் டூ. மனசுல வெச்சிக்கோங்க. அன்னிக்கு மேடைக்கு இன்னா பூ சொன்னீங்க? நாற்காலி எத்தினி?"

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"இப்ப அந்த நம்பரச் சொல்லுங்க சார்."

முதல் எண்ணிலேயே அவர் தடுமாறினார். முகம் கறுத்தது. பிறகு குனிந்து கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். வேண்டாத பேச்சை அக்காவின் தலைக்குள் திணித்தவரே எழுதிய சொல் அது. காது கொடுத்துக் கேட்டதுதான் அக்கா செய்த குற்றம்! இன்றும் அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. அதன் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக எரிகிறது. அக்காவைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். ஒரே வாரத்தில் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

சில ஆண்டுகள் கழித்து ஊரப்பாக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனேன். சீட்டு எழுதும் மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பல நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்போடு, "அக்கா, அந்தக் கையெழுத்து..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிராமல் இடது கையை மட்டும் உயர்த்தினார்.

"இரு. இவுங்க பேர எழுதிக்கிறேன்."

ஓரடி பின்னால் போய் வரிசையில் நின்றேன்.