சைவ மீன்காரர்

என் கணவருக்குச் சந்தையில் ‘சைவம்’ என்று பட்டப்பெயர். நாள் முழுக்க மீன் வெட்டுகிறவர் ஒரு துண்டுகூட வாயில் வைப்பதில்லை என்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எதிர்க்கடை ஐஸ்காரர்தான் ஆரம்பித்து வைத்தார். “ஏய் சைவம், உன் கூடையைக் கொஞ்சம் தள்ளிக்கோப்பா” என்று அவர் கத்த, மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவர் பிறவிச் சைவம் இல்லை. கல்யாணமான புதிதில் வறுத்த மத்தியை அவர் சாப்பிடுகிற அழகைப் பார்த்து நான் என் தட்டை மறந்து உட்கார்ந்திருப்பேன். தலையிலிருந்து வால் வரை மிச்சம் வைக்க மாட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவள். வீட்டிலும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். “டீச்சர், உனக்கு முள் எடுக்கத் தெரியல. கொண்டா இப்படி” என்று என் தட்டை இழுத்துக்கொள்வார்.

தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கண் குழிந்திருக்கக் கூடாது, செவுள் சிவந்திருக்கணும், அழுத்தினால் சதை எழும்பணும், கடல் வாசனை தவிர வேறு வாசனை வரக்கூடாது. இதெல்லாம் எல்லாக் கடைக்காரரும் பார்ப்பதுதான். இவர் அதோடு நிற்க மாட்டார். “எல்லாம் சரியா இருந்தும் ஏமாத்துற மீன் உண்டு டீச்சர்” என்பார். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து, வாங்குகிறவர் முன்னாலேயே வயிற்றைக் கீறிப் பார்ப்பார். உள்ளே கெட்டிருந்தால் கூடையே குப்பைக்குப் போகும். அந்தக் கீறலுக்காகவே அவரிடம் வந்தவர்கள் நிறைய.

ஒரு நாள் விடியற்காலையில் வலது கால் கட்டைவிரல் அடியில் தக்காளிப் பழம் போல வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை நுனி பட்டதற்கே அலறினார். சந்தைக்குப் பக்கத்தில் இருந்த வயதான டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனுஷர். நிதானமாகக் கேட்டார். வலி எவ்வளவு சீக்கிரம் உச்சத்துக்குப் போனது, இதற்கு முன்னால் இப்படி வந்து போயிருக்கிறதா, ரத்தக் கொதிப்பு உண்டா என்றெல்லாம். ரத்தமும் எடுத்துப் பார்த்தார். ஆண் என்பதற்கு ஒரு மதிப்பெண், கட்டைவிரல் மூட்டு என்பதற்கு, சிவப்புக்கு, ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்ததற்கு என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டினார். இவர் எல்லாவற்றிலும் வாங்கிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாங்காததையெல்லாம் சேர்த்து வாங்கினது போல.

“பெரும்பாலும் கவுட்டாத்தான் இருக்கும், யூரிக் அமிலம் மூட்டுல படிகமாப் படியற வியாதி” என்றார் டாக்டர். “ஆனா இந்தக் கூட்டல் எல்லாருக்கும் பொருந்தாது. இவ்வளவு மார்க் வாங்கியும் கவுட் இல்லாதவங்க கொஞ்சம் பேர் இருப்பாங்க. மூட்டுல ஊசி போட்டு நீர் எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“வேணாம் சார். இதுவே போதும். நானும் மீனை இப்படித்தான் பார்க்கிறேன்.”

“கீறியும் பார்ப்பீங்களே?” என்றேன் நான்.

“அது மீனுக்கு வலிக்காது டீச்சர்.”

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களையும் ஈரலையும் விடச் சொன்னார், மற்றதைக் குறைக்கச் சொன்னார். இவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. மீன் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லும் அந்தக் கிளினிக்கிலேயே தங்கிவிட்டது. கடையில் கூட இருந்த தன் தம்பியிடம் “கவுட்டாம்டா” என்று மட்டும்தான் சொன்னார்.

விட்டாரே தவிர, ஆசை விடவில்லை. முந்தின நாள் வாங்கிப்போனவர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்: “நேத்து மீன் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, விவரமாச் சொல்லுங்க.” மேலே மொறுமொறு என்று இருந்ததா, உள்ளே சதை இதழ் இதழாகப் பிரிந்ததா என்று கேட்டுக்கொண்டே செதில் தேய்ப்பார். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நன்றாகச் சொன்னவர்களுக்கு ஒரு மீன் கூடுதலாக விழும். “வாய் பேசியே பொழைச்சுக்கிறீங்க” என்று ஐஸ்காரர் வயிறெரிவார்.

வீட்டிலும் அதேதான். எனக்கென்று மத்தி கொண்டுவருவார். நான் வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். தனக்கு வைத்த கீரையைப் பிசைந்துகொண்டே என் தட்டைப் பார்ப்பார்.

“எப்படி இருக்கு?”

“சுமார்தாங்க. உப்புச் சப்பு இல்ல.”

“மூஞ்சி அப்படிச் சொல்லலியே.”

“உங்க கீரை இதைவிட நல்லா இருக்கும்.”

வருஷக்கணக்கில் இதே பேச்சு. வீக்கமும் விட்டபாடில்லை, நினைத்தபோது வந்து படுக்கப் போட்டது. கடைசியில் கட்டைவிரலும் முழங்காலும் ஒன்றாக வீங்கி, காலை ஊன்ற முடியாமல் போனபோதுதான் தம்பியும் நானும் கைத்தாங்கலாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயசு லேடி டாக்டர். இரண்டு மூட்டிலும் ஊசி போட்டு நீர் எடுத்தார். தானும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தன் மேலதிகாரியையும் பார்க்கச் சொன்னார்.

“ஐயா, கவுட்டுன்னா படிகம் ஊசி ஊசியாத் தெரியணும். உங்களுக்கு ரெண்டு மூட்டுலயும் அது இல்ல. கட்டை கட்டையாச் சுண்ணாம்புப் படிகம் இருக்கு. இது வேற வியாதி. வெளியே பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.”

“யூரிக் ஆசிட் கூடியிருந்துச்சே அம்மா?”

“கூடின எல்லாருக்கும் கவுட் வர்றதில்லையே. அந்த டாக்டர் போட்ட கணக்கு தப்பில்ல. அது பொருந்தாத கொஞ்சம் பேர்ல நீங்க ஒருத்தர்.”

அவர் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. மருந்தைப் பற்றியும் கேட்கவில்லை. “மத்தி திங்கலாமா?” என்றார்.

“தாராளமா.”

இவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “கீறிப் பார்த்திருக்கணும் டீச்சர்” என்றார்.

நடக்க முடிந்த முதல் நாள் அவரே மீன் கொண்டுவந்தார். வறுத்து இரண்டு தட்டிலும் வைத்தேன். முதல் வாயை மெல்ல மென்றார். எனக்குப் பயமாக இருந்தது, இத்தனை வருஷ ஆசைக்கு அது ஈடு கொடுக்குமா என்று.

“உப்புச் சப்பு இல்லையா? அடிப்பாவி, இவ்வளவு நாளும் புளுகியிருக்கே” என்றார். பிறகு என் தட்டை இழுத்து முள் எடுக்க ஆரம்பித்தார்.

ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிச் சாப்பிட்டோம். அடுத்த மழைக்கு அவர் இல்லை. மாரடைப்பு. கால்வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள்.

கடையை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறார். போன வாரம் மீன் வாங்கப் போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணி, இன்னும் வந்து சொல்றாங்க. நேத்து மீன் அப்படி இருந்துச்சு, இப்படி இருந்துச்சுன்னு. நர்ஸம்மா பாதியில நிறுத்திட்டு அழுதுட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?”

“அவர் மாதிரியே கேட்டுக்கோங்க. கூட ஒரு மீன் போடுங்க” என்றேன்.

எனக்கும் ஒன்று கூடப் போட்டுத்தான் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வறுத்தேன். முள் எடுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. மெதுவாகத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. நன்றாக இருந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே இதழ் இதழாக. எதிர்த் தட்டு வைக்கும் இடத்தைப் பார்த்து, அவர் கேட்பாரே, அந்த விவரத்தோடு, ஒன்றுவிடாமல் சொன்னேன்.