கள்ளிக்கோட்டைப் படகும் சூலூர் இணைச்சீரும்

சூலூர் சென்னியம்மாளுக்குப் பிடிவாதம் பிறவிச் சொத்து. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைப்பதானாலும் பருத்தி விற்பதானாலும், நினைத்ததை முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்படிப்பட்டவளுக்கு 1936-இல் கடல் பார்க்கும் ஆசை வந்தது. அவளிடம் பருத்தி வாங்கும் கோயமுத்தூர் வியாபாரி ரசாக்கின் மனைவி உம்மல் குல்சும் அவளுக்கு உயிர்த்தோழி. குல்சுமின் அண்ணனுக்குக் கள்ளிக்கோட்டையில் பாய்மரப் படகு இருந்தது. "வாங்க அம்மணி, கரையோரமாப் பொன்னானி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றாள் குல்சும். போதாதா?

புருஷன் பாலுசாமி தலையாட்டிவிட்டார். அவளுடைய பெரியப்பன் அங்கப்பனுக்குத்தான் பொறுக்கவில்லை. "குடியானவப் பொம்பளைக்குக் கடல்ல என்ன சோலி?" என்று குதித்தார். தோட்டத்துக் கிணற்றைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்திராத மனிதர்! சென்னியம்மாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ரயிலேறினாள். மாடு வாங்கப் பாலக்காடு போவதாக ஊரில் புளுகிவிட்டுத் தம்பி திருமூர்த்தியும் ஒட்டிக்கொண்டான்.

படகில் அவன் ரசாக் குடும்பத்தோடு சேராமல் கொப்பரை மூட்டைமேல் தனியாக உட்கார்ந்தான். வழியில் காற்று திடீரென்று வலுத்துப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!" என்று குல்சுமின் அண்ணன் கத்தினார். திருமூர்த்தி பாய்ந்துபோய் ரசாக்கின் மடியிலேயே விழுந்தான். இடுப்பைக் கட்டிக்கொண்டவன் பொன்னானி வரை விடவில்லை. தோழிகள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கரை தெரிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து புளிச்சோற்றைத் தின்று தீர்த்தார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

"ஊர்ல என்னையச் சொல்லிப்போடாதீங்கக்கா" என்று திரும்பும்போது தம்பி கெஞ்சினான். தன் பயணத்தைச் சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தவள், அவன் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளையோடு அக்காள் நிற்க வேண்டும்; புதுச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். கூடப்பிறந்தவளின் உரிமை அது. அவள் சேலைக்குக் கை நீட்டியபோது அங்கப்பன் மறித்தார்.

"கண்டவங்களோட படகேறி ஒண்ணா உண்டவ நீ. சபையில கால்ல உழுந்து மன்னிப்புக் கேளு. அப்பறந்தான் சீரு."

பந்தலின் கடைசியில் நின்ற குல்சுமின் முகம் செத்துப்போயிற்று. அதைக் கண்டதும் சென்னியம்மாளுக்கு உச்சந்தலை கொதித்தது.

"நம்ம சனத்துல இன்னொருத்தரும் எங்கூடப் படகுல வந்தாங்க, பெரியப்பா. இந்தப் பந்தல்லதான் இருக்கறாங்க. மொதல்ல அவுங்க உழுவட்டும்."

"யாரது?"

அவள் சொல்லவில்லை. தம்பியைப் பார்க்கவும் இல்லை. நீட்டிய கையை மட்டும் மடக்காமல் நின்றாள்.

மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. பெண் வீட்டார் கிசுகிசுத்தார்கள். கடைசியில் திருமூர்த்தி மணையிலிருந்து எழுந்தேவிட்டான்.

"நாந்தானுங்க. நான் உழுவமாட்டனுங்க. அக்காளும் உழுவ வேண்டாம்."

சேலை முனையை அவள் கையில் திணித்தான். அங்கப்பன் மறித்த கையை இறக்கினார். மாப்பிள்ளையைத் தள்ளிவைத்துவிட்டு யாருக்குச் சீர் செய்வது?

சென்னியம்மாள் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு, பந்தலின் கடைசி வரை கேட்கக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங் குல்சு! அங்க என்ன நிக்கறீங்க? ரசாக் அண்ணனையும் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க!"

முன்வரிசையில் அங்கப்பனுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.