பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவே

ஒரு பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தியவன் நான். ஒரே ஒரு புகைப்படத்தைக் காட்டி அதைச் செய்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வடக்கே, மராத்தி பேசும் போசரியில் எஞ்சினியர் வேலை, பக்கத்து ஊர் சிஞ்ச்வட்டில் ஃபிளாட். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் பழைய டெலி லென்ஸ் ஒன்றை வாங்கி, மாலையில் பக்கத்துப் பூங்காவில் மைனாக்களைப் படம் எடுத்துப் பழகினேன். ஒருநாள் நடைபாதையின் கோடியில், சிமென்ட் பெஞ்சில், எங்கள் எதிர்வீட்டுப் பெண் தெரிந்தாள். தோளோடு தோள் ஒட்டி ஓர் இளைஞன். அவள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதாகத்தான் அவள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மைனாக்களை விட்டேன். மூன்று வாரம் பூங்காவின் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று அவளையே எடுத்தேன். அவள் திரும்பினால், யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதாக நினைத்தேன். புத்தகத்தை உயர்த்தினால், முகத்தை மறைப்பதாக நினைத்தேன். நூறடி நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. போனால் சந்தேகம் பொய்யாகிவிடுமோ என்ற பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பிரிண்டை அவள் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வங்கியில் வேலை பார்த்தவர், திருநெல்வேலிக்காரர்.

"வேற யாரு சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒங்க கேமரா பெட்டி பொய்யா சொல்லப்போவுது, அண்ணாச்சி?" என்றார்.

மறுநாளே வகுப்பு நின்றது. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அடுத்த வருடம் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, அதே லென்ஸால் எங்கள் தெருவை நீளவாக்கில் எடுத்தேன். தள்ளித் தள்ளி நின்ற விளக்குக் கம்பங்கள் படத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அந்தப் பெஞ்சுப் படமும் இப்படித்தானோ என்று தோன்றியது. மனைவியைப் பூங்காவுக்கு அழைத்துப்போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். பின் பெஞ்சில் என் பையை நிமிர்த்தி வைத்து, மோட்டார் அறையிலிருந்து எடுத்தேன். பிரிண்டில் பை அவள் தோளில் சாய்ந்திருந்தது. இரண்டு பெஞ்சுக்கும் நடுவே ஒன்பது தப்படி.

"இத அன்னைக்கே நடந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

தீபாவளிக்கு அந்தப் பெண் பிறந்தகம் வந்திருந்தாள். புதுப் படத்தை எடுத்துக்கொண்டு போய், அவள் அப்பா எதிரிலேயே தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் பார்க்கவே இல்லை.

"ஆறு மணி பேட்ச் அங்கிள். கிளாஸ் கதவு திறக்கிற வரைக்கும் எல்லாரும் கார்டன்லதான் உக்காருவோம். நான் தனி பெஞ்சுன்னு அன்னைக்கே அப்பாகிட்ட அழுது சொன்னேன். போட்டோ இருக்கேன்னுட்டார். அத விடுங்க. மத்த போட்டோ எங்க?"

"எது?"

"மத்லப், அதாவது, ஒண்ணுதான் எடுத்தீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் நெகடிவ்களை எல்லாம் கொண்டுவந்தேன். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் பிடித்துப் பார்த்தாள். நடக்கும்போது, குனியும்போது, கூந்தலை முடியும்போது. பல படங்களில் அந்த இளைஞனே இல்லை.

அப்பாவும் எழுந்துவந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு எடுத்தீரு?"

அவள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் அப்பா போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் வெளியேறும்வரை நின்றார்.